ஜாவாக்காரர்

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் கையை மேசைமேல் வைக்கமாட்டார். வைத்தால் நகக்கண் தெரிந்துவிடும். மண்ணெண்ணெய், சோப்புத்தூள், எலுமிச்சைத் தோல் என்று எதைப் போட்டுத் தேய்த்தும் போகாத கிரீஸ், பத்து விரலிலும் கறுப்பாகக் கோடு கட்டியிருக்கும். ஒயிட்ஃபீல்டோ எலெக்ட்ரானிக் சிட்டியோ, எந்தக் கம்பெனியானாலும் தளத்துக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல சார், வீட்ல ஒரு பழைய வண்டி பண்ணிட்டிருக்கேன்" என்பார். அதோடு விட்டுவிடுகிறவர் புத்திசாலி. "என்ன வண்டி?" என்று கேட்டுத் தொலைத்தவருக்கு அன்றைக்கு டீ ஆறிப்போகும்.

என்ன வண்டி என்று கேட்கவே வேண்டியதில்லை. பெங்களூரில் பழைய வண்டி என்றால் பெரும்பாலும் ஜாவா, இல்லாவிட்டால் அதன் தம்பி யெஸ்டி. சென்னைக்காரருக்குத் திருவொற்றியூர் புல்லட் மேல் இருக்கிற பாத்தியதை இந்த ஊர்க்காரருக்கு மைசூர் வண்டியின் மேல் உண்டு. ஐடியல் ஜாவா ஆலை மைசூர் யாதவகிரியில் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து உரிமம் வாங்கி இரானி குடும்பத்தார் தொடங்கியது. 1961-இல் அதைத் திறந்துவைத்தவர் அப்போது மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜேந்திர உடையார். எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. 1978-இல் ரோட்கிங் வந்தது. 1996-இல் ஆலையை இழுத்து மூடினார்கள். சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சி.சி. வண்டிகள் வந்தபிறகு, தெருவெல்லாம் புகை விட்டுக்கொண்டு பெட்ரோலை மடமடவென்று இழுக்கிற டூ ஸ்ட்ரோக்கை மாதச் சம்பளக்காரர் எதற்கு வாங்கப்போகிறார்? இந்த வரலாற்றை நான் எங்கேயும் தேடிப் படிக்கவில்லை. லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து ஐந்தாவது மாடி ஏறுவதற்குள் அவரே சொல்லி முடித்தது.

வண்டி எப்படிக் கிடைத்தது என்பது தனிப் புராணம். தங்கவயலில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் வீட்டில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், தார்ப்பாயில் சுற்றிக் கிடந்ததாம். பெரியவர் விற்க மறுத்தாராம். இவர் ஞாயிறுதோறும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போய்ப் பேசிப் பேசிக் கரைத்தாராம். பெண் கேட்டுப் போனபோதுகூட அவர் இவ்வளவு நடக்கவில்லை என்று அவர் மாமனாரே சொல்லியிருக்கிறார். கடைசியில் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து பார்க்கிங்கில் இறக்கினார். மனைவி மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஏங்க, என்ன இது?"

"வண்டி."

"மிச்சம் எங்க?"

"கோணிப்பைல இருக்கு."

இரண்டு சக்கரத்தோடு வந்த வண்டியைப் பிரித்து மேய்வதற்கு அவருக்கு ஒரே சனிக்கிழமை போதும். பிரிக்கும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார். டப்பா தீர்ந்ததும் சமையலறைக்குள் கை நீளும். இப்படித்தான் ஓர் அஞ்சறைப்பெட்டி பறிபோனது. கடுகு இருந்த கிண்ணத்தில் வாஷர், சீரகத்தில் பிளாட்டினம் பாயிண்ட், வெந்தயத்தில் ஸ்பிரிங், நடுக்கிண்ணத்தில் பிஸ்டன் பின்னைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு சர்க்ளிப். அந்தச் சர்க்ளிப்புக்கு ஒரு குணம்: இடுக்கி நழுவினால் துள்ளிப் பறக்கும், எங்கே விழுந்தது என்று தெரியாது. அதைத் தேட ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, பார்க்கிங் முழுக்க அவர் இழுத்துக்கொண்டு நடந்ததை வாட்ச்மேன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கிடைத்தது இரண்டு ஹேர்பின்னும் ஒரு திருகாணியும்.

இன்ஜின் வேலை தொடங்கினால் வீடே ஒர்க்‌ஷாப். கிராங்க் கேஸில் புதுப் பேரிங்கைச் சுத்தியால் அடித்து இறக்கக்கூடாது, அலுமினியம் விரிந்துவிடும். கேஸைச் சூடு பண்ணி, பேரிங்கைக் குளிரவைத்தால், சூட்டில் அது கொஞ்சம் விரியும், குளிரில் இது கொஞ்சம் சுருங்கும், 'டொக்' என்று தானாக உட்கார்ந்துகொள்ளும். சரியான வழிதான், மெக்கானிக்குகள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர் சூடு பண்ணியது மனைவி கேக் செய்யும் அவனில். குளிரவைத்தது ஃப்ரீசரில், பச்சைப் பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால். 'டொக்' சத்தம் கேட்ட ஆனந்தத்தில் அவர் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்தியா ஜெயித்துவிட்டது என்று டி.வி.யைப் போட்டார்கள். அந்த வருஷம் மகள் பிறந்தநாளுக்குச் செய்த கேக்கில் கியர் ஆயில் வாசனை வந்தது. சைலன்சரில் அடைத்திருந்த கரியை எடுக்கக் குளியலறை வாளியில் காஸ்டிக் சோடா கரைத்து ஊறவைத்ததில் சைலன்சர் சுத்தமானது. கூடவே அதில் விழுந்த அலுமினியச் சொம்பு ஓட்டையானது.

வீட்டில் ஆகாத வேலைக்கு ஊர் இருக்கிறது. சிலிண்டர் போர் பண்ணப் பீன்யா. பழைய சாமானுக்குச் சிவாஜி நகர் குஜ்ரி. நம் பக்கத்துக் காயலான் கடைதான். மற்றதற்கெல்லாம் டவுன் ஹால் பக்கத்தில் ஜே.சி. ரோடு. ஆலையைத் திறந்துவைத்த அதே உடையார் பெயரில் இருக்கும் தெருவில் நின்றுதான், மூடிப்போன ஆலையின் சாமானை இவர் கடை கடையாகக் கேட்கிறார். வீட்டுக்குச் சொல்கிற கணக்கு ஒன்று, ஜே.சி. ரோடு கணக்கு ஒன்று என்று அவரிடம் இரண்டு நோட்டு உண்டு. இரண்டாவது நோட்டு ஆபீஸ் டிராயரில் பூட்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாய் இருக்கிறார். வில்சன் கார்டனில் ஒரு மரத்தடி, இரண்டு ஸ்டூல், ஒரு எண்ணெய் டின், அவ்வளவுதான் கடை. தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். "ஆயிடும் சார், வர்ற ஜும்மாவுக்குள்ள முடிச்சிடலாம்" என்பார். எந்த ஜும்மா என்று இவர் கேட்டதில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. இவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டார்க் ரெஞ்சைப் பாய் ஒருமுறை கையில் வாங்கி, எடை பார்த்து, "நல்லா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மணிக்கட்டு சொல்கிற அளவுக்கு நட்டை முடுக்கினார். பிளாட்டினம் பாயிண்டில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். இவர் ஃபீலர் கேஜைத் தேடிப் பையைத் துழாவும்போது பாய், "சார், ஒரு கார்டு கொடுங்க" என்றார். சீனியர் டைரக்டர் என்று பொன்னெழுத்தில் அச்சடித்த விசிட்டிங் கார்டைப் பாயிண்டுக்கு நடுவில் செருகி, ஸ்க்ரூவை இறுக்கி, உருவி எடுத்தார். அந்தக் கார்டு அடித்ததிலிருந்து ஒரு வேலைக்கு ஆனது அன்றைக்குத்தான்.

ஜாவாக்காரர்களுக்குள் வடகலை தென்கலை உண்டு. திருமண் விஷயத்தில்கூட இவ்வளவு வழக்கு நடந்திருக்காது. ஒரு கலை 'ஸ்டாக்'. ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும்; போல்ட் தலையில் இருக்கிற முத்திரைகூட மாறக்கூடாது. ஐடியல் ஜாவா என்று அச்சிட்ட பாக்கெட் பிரிக்காமல் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜையறைப் பக்கம் வைப்பார்கள். பிரித்து வண்டியில் மாட்டமாட்டார்கள். இன்னொரு கலை 'மாடிஃபை'. மட்கார்டை அறுப்பது, ஹேண்டில்பாரைத் தாழ்த்துவது, சீட்டைப் பாதியாக்குவது, கஃபே ரேசர், பாபர், ஸ்கிராம்ப்ளர் என்று தினம் ஒரு அவதாரம். முதல் கலைக்காரர் இரண்டாவது கலைக்காரரின் வீட்டுக்குப் போனால் கிரைண்டர் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்கிறார்.

நம்மவர் சனிக்கிழமை ஸ்டாக், ஞாயிற்றுக்கிழமை மாடிஃபை. அதனால்தான் வேலை முடியவில்லை என்பது என் கட்சி.

சட்டம் ஸ்டாக் பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம், நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து சேரும். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி பழைய கோலத்திலேயே இருக்கவேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. கஃபே ரேசர் ஆசாமி இதைக் கேட்டுச் சிரிப்பார். அவர் அனுபவத்தில், கையைக் காட்டி நிறுத்துகிற டிராஃபிக் போலீஸ்காரர் முதலில் கேட்பது லைசென்ஸ் இல்லை. "நம்மப்பன ஹத்ர இதே காடி இத்து" என்று தன் அப்பா வைத்திருந்த வண்டியைப் பற்றிக் கன்னடத்தில் ஆரம்பிப்பார். அபராதம் அதற்கப்புறம்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும், ஒரு நாள் டேங்குக்குத் தங்கக்கோடு போடுவதைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோடு போட வந்தவர் ஒரு காலத்தில் கடைப் பலகை எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைச் சாப்பிட்டுவிட்டது. முடி நீண்ட மெல்லிய பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, சுண்டுவிரலை டேங்கின் விளிம்பில் பதித்து, மூச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே இழுப்பில் வளைவு முழுக்க இழுத்தார். ஸ்கேல் இல்லை, டேப் இல்லை. கோடு தொடங்கின இடத்தில் வந்து முடிந்தது; சேர்ந்த இடம் எது என்று நான் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. நம்மவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில்கூடப் பேசவில்லை.

ஒருவழியாக வண்டி எழுந்து நின்ற நாளும் வந்தது. ஜாவாவில் கியர் காம்பும் கிக்கரும் ஒன்றே. உள்ளே அழுத்தித் திருப்பி மேலே தூக்கினால் கிக்கர், இறக்கிவிட்டால் கியர். இது தெரியாதவர் அந்த வண்டியைத் திருடக்கூட முடியாது என்று அவருக்குப் பெருமை. எத்தனாலைச் சபித்தார்; இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும் என்று ஹோஸிலிருந்து சீல் வரைக்கும் மாற்றியிருந்தார். டூ-டி ஆயிலை அளந்து ஊற்றினார். உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு மறுபடி உதைத்தார். பிறகு ஒன்றும் தெரியவில்லை. பார்க்கிங் முழுக்க நீலப் புகை. புகைக்குள்ளிருந்து இரட்டைச் சைலன்சர் சத்தமும் அவர் சிரிப்பும் கேட்டன.

மறுநாள் அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முதல் பத்தியில், காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசனை, இனி இப்படி நடந்தால் அபராதம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது பத்தியில், லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில் அதிகம், முப்பது போதும் என்றிருந்தது. செயலாளர் எழுபது வயதுக்காரர். அந்தக் காலத்தில் ரோட்கிங் வைத்திருந்தவராம். இவர் நாற்பதுதான் சரி என்று பதில் எழுதி அதன் கீழேயே ஒட்டினார். துணி விஷயத்தை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிறு சர்வதேச ஜாவா யெஸ்டி தினம். பெங்களூரில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதற்கு நாலு நாள் முன்னால் நம்மவருக்குக் கார்புரேட்டரில் ஏதோ சந்தேகம் வந்து இன்ஜினை இறக்கிவிட்டார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போய்க் கலந்துகொண்டார். 2018-இல் திரும்பி வந்த புது ஜாவா, 2022-இல் வந்த புது யெஸ்டி எல்லாம் அங்கே பளபளவென்று நின்றன. ஃபோர் ஸ்ட்ரோக், செல்ஃப் ஸ்டார்ட், சூடு தணிக்க ரேடியேட்டர். "தண்ணி ஊத்தற ஜாவாவா?" என்றார். அதற்குமேல் அந்த வண்டிகளைப் பற்றி அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. ஊரில் தாத்தா வீட்டுக் கொல்லையில் அப்படி ஒரு வண்டி கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். அது இல்லாத வண்டியைப் புதுப்பித்தாலும் ஷோகேஸில்தான் வைக்கவேண்டியிருக்கலாம். இரண்டாவது, ஜாவாக்காரர் பக்கத்து வீட்டில் இருக்கிறாரே, கைராசிக்காரர் ஆயிற்றே என்று ரிப்பேரான மிக்ஸியை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு மிக்ஸி போன தீபாவளியிலிருந்து ஆறு ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கிறது.