டைல்ஸா, ஃபைபரா: கொங்குப் பொடக்காலி குறித்து ஒரு முன்னாய்வு

கொங்கு நாட்டில் யாரும் குளிப்பதில்லை, தண்ணி வாத்துக்கிறார்கள். இந்த வினைச்சொல்லைக் கணக்கில் எடுக்காத குளியலறை ஆய்வு எதுவும் செல்லாது. போசியில் மொண்டு ஊற்றினால் பாதி தலைக்கு, பாதி சுவருக்கு. எனவே வீட்டு ஓனரின் கவலையெல்லாம் சுவர்.

வாடகையை ஏற்ற அவருக்கு வழி இரண்டு. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியேறி வரும் டைல்ஸ் ஒன்று. கதவு, கூரையோடு டெம்போவில் முழுசாக வந்திறங்கும் ஃபைபர் பாத்ரூம் மற்றது. கோயமுத்தூர் கணபதியில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில் இரண்டும் இருப்பதால் களப்பணிக்குச் செலவில்லை.

முதலில் தண்ணீர். சிறுவாணி அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், அதன் ருசிக்குப் பெருமைப்படுவது கோயமுத்தூரில். அந்தத் தண்ணி வரும் வீட்டில் டைல்ஸ் பளபளவென்றிருக்கும். போர் தண்ணி என்றால் எந்தக் கலரில் ஒட்டினாலும் சீக்கிரமே திருநீறு பூசிக்கொள்ளும். ஆசிட் ஊற்றினால் உப்பு போகும். இடுக்கில் அடைத்த வெள்ளை சிமெண்டும் கூடவே போகும். அந்த வழியாக இறங்கிய ஈரம் பக்கத்து வீட்டுச் சுவரில் பூக்கும். ஃபைபருக்கு இடுக்கே குறைவு. ஆனால் போசி பட்டால் தவில். கடைசி வீட்டு அண்ணன் எத்தனை போசி ஊற்றினார் என்பது லைனுக்கே தெரியும்.

அடுத்தது ஆணி. "டைல்ஸ்ல ஆணி கீணி அடிச்சுப்போடாதீங் தம்பி" என்று சொல்லித்தான் ஓனரம்மா சாவியே கொடுத்தார். ஆகவே கதவின் மேல் துண்டு, துண்டின் மேல் சட்டை, எடுக்கும்போது எல்லாம் வாளிக்குள்.

சட்டத்தையும் புரட்டினேன். வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்ட அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. குளியல்தொட்டி ரிப்பேரும் எங்கள் தலையில்தான். நாலுக்கு நாலடி அறையில் தொட்டியை வைத்துவிட்டு நாங்கள் எங்கே நிற்பது? டைல்ஸில் படிந்த உப்பு யாருடையது என்பதைப் பற்றி அட்டவணையில் பேச்சே இல்லை. அட்வான்ஸ் கரைவது அங்கேதான்.

மீதி வீடுகளுக்கு ஓனரம்மா ஃபைபரே சொல்லிவிட்டார். "நாளைக்கு இடிச்சுக் கட்டுனாலும் கழட்டிக்கலாமுங்." உங்கள் வீட்டில் எதுங்க்கா என்று கேட்டேன்.

"நமக்கெதுக்குங் அதெல்லாம்? தோட்டத்துல மோட்டாருத் தொட்டி இருக்குதுங்களே."