உறைபனிக்கு ஒரு ‘பிரேக்கிங்’

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டியில் மார்கழியில் குளிர்கிறது என்பது ஒரு செய்தியா? தொலைக்காட்சிகளுக்கு ஆண்டுதோறும் அது ‘பிரேக்கிங்’. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் உறைபனியால் புல்வெளி வெளுத்ததும் ‘மினி காஷ்மீர்’ பட்டம் சூட்டியாகிவிடும். செய்தியாளர் கார் கூரையிலிருந்து ஒரு பிடி உறைபனியைச் சுரண்டிக் கேமராவுக்கு நீட்டுவார். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுவதால், புல்நுனி ஆளுயரக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. திரையில் மிரட்டும் ‘பூஜ்ஜியம் டிகிரி’ பல நேரம் அந்தப் புல்லின் வெப்பக்கணக்குதான்.

தேயிலை கருகுமே, எச்சரிக்க வேண்டாமா என்பீர்கள். வேண்டும்தான்; ஆனால் அந்தத் தகவல் முந்தின நாள் மாலையே வரவேண்டும். விடிந்தபின் ‘உறைந்தது ஊட்டி’ என்று அலறினால் தேயிலைக்கு என்ன லாபம்? வெயில் ஏறியதும் புல்லில் பனி உருகிவிடுகிறது. திரையில் மட்டும் இரவுவரை உறைந்தே கிடக்கிறது.