குளியலறை ஒழுக்கு: ஸ்காபரோவிலிருந்து ஒரு கடிதம்



கனடா வீடுகளில் குளியலறைச் சுவர் என்பது பெரும்பாலும் மரச்சட்டமும் அதன்மேல் திருகிய பலகையும்தான். ஸ்காபரோ வீடுகளை வெளியே நின்று பார்த்தால் செங்கல் கட்டடமாகத் தெரியும். பல வீடுகளில் அந்தச் செங்கல் வெறும் ஒற்றை வரிப் போர்வை. உள்ளே 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரக்கால்கள். அவற்றின்மேல் அரை அங்குலத் தடிப்பில், இருபுறமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை. கோபத்தில் ஒருவர் ஓங்கிக் குத்தினால் சுவருக்குத்தான் சேதம். இப்படிப்பட்ட சட்டத்தின்மேல் டைல்ஸ் பதித்து, அதற்குள் நின்று வீடு முழுவதும் தினமும் குளிக்கிறது. ஊர் மேசன் யாராயிருந்தாலும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு.

ஊரில் கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். இங்கே வழிதவறிய தண்ணீர் கீழ்த்தளச் சமையலறைக்குப் போகும். சீலிங்கில் முதலில் பழுப்பாய் ஒரு வட்டம். பிறகு பெயின்ட் உப்பும். ஒருநாள் அடுப்பிலிருக்கும் சொதிச் சட்டியில் சொட்டு விழும். மேலே ஏறிப் பார்த்தால் டைல்ஸ் பளபளவென்று இருக்கும். பெரும்பாலும் குற்றம் டைலில் இல்லை. டைல்களுக்கிடையே நிரப்பும் சீமெந்துக் கலவை தண்ணீரைக் குடிக்கும். அதன்மேல் பூசும் ‘சீலர்’ கறையைக் குறைக்குமே தவிர நீரைத் தடுக்காது. ஆகவே டைலுக்குப் பின்னால் தண்ணீர் போகும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கவேண்டும். டைல் அலங்காரம். நீரைத் தடுப்பது அதன் முதுகில், எவர் கண்ணிலும் படாமல் இருக்கும் உறை. கடைக்குப் போகும் குடும்பங்கள் நிறத்துக்காக மூன்று சனிக்கிழமை சண்டைபிடிக்கும். உறை என்ன உறை என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஜிப்சம் பலகையின் காகிதம் ஈரத்தில் ஊறும். பூஞ்சணத்துக்கு அதுவே சாப்பாடு. அதனால் குளிக்குமிடத்தில் சீமெந்துப் பலகை போடுவார்கள். அது உக்காது. ஆனால் தண்ணீரை உள்ளே விடும். இதை மறந்து, பலகையோடு வேலையை முடித்துக்கொள்பவர்கள் பலர். பலகைக்கு மேலே உறை வேண்டும். தாளாக ஒட்டும் வகையும் உண்டு, பெயின்ட் போலப் பூசும் வகையும் உண்டு. பூசுவதில் ஒரு பிரபல வகை ஈரத்தில் இளஞ்சிவப்பாக இருந்து, காய்ந்ததும் கடுஞ்சிவப்பாகும்; அந்த நிறம் வருமுன்னே டைல் ஒட்டுவதுதான் அவசரக்காரரின் கைராசி. மூலைகளிலும் பலகை சேரும் இடங்களிலும் நாடா வைத்துப் பூசவேண்டும். குழாய் துளைத்து வரும் இடத்தைச் சுற்றியும் அடைக்கவேண்டும்.

குளிக்குமிடத்துத் தரையின் வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். டைலுக்கு மட்டும் வாட்டம் கொடுத்து, அடியிலுள்ள உறையைத் தட்டையாக விட்டால், இடையிலுள்ள சாந்தில் நீர் தேங்கி நாறும். பழைய முறை வடிகாலின் கழுத்தில், ஊறி இறங்கும் நீருக்கென்று சிறு துளைகள் இருக்கும். சாந்து போடுபவர் அவற்றை அடைத்துவிடாமல் சுற்றிலும் பொடிக்கல் வைப்பார். டைல் பதிக்குமுன் வடிகாலை அடைத்து, தண்ணீர் நிரப்பி, பென்சிலால் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விட்டுப் பார்க்கவேண்டும். “இவ்வளவு காலமும் ஒரு வீடும் ஒழுகினதில்லை” என்று சொல்லும் கொந்தராத்துக்காரரிடம் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

எல்லாம் ஒழுங்காக முடிந்தபின் கண்ணாடிக் கதவு பூட்டுபவர் வருவார். குளியலிடத்து வாசற்படியின் தலையில், உறையையும் சேர்த்து நாலு துளை போட்டுவிட்டுப் போவார். அந்தத் துளைகளைப் படியின் தலையில் போடாமல் சுவரில் போட்டு, சிலிக்கன் நிரப்பித் திருகுவது நல்லது. ஷாம்பு வைக்கும் மாடத்தின் அடித்தட்டும் முன்னோக்கிச் சற்றுச் சரிந்திருக்கவேண்டும்.

சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் மூலைகளில் சீமெந்துக் கலவை நிற்காது. பனிக்காலத்தில் ஹீட்டர் மரத்தை வற்றவைக்கும், கோடையில் மரம் ஊதும், மூலை வெடிக்கும். அங்கே சிலிக்கன்தான். பழைய சிலிக்கனைச் சுரண்டாமல் அதன்மேல் புதிதைப் பூசினால் ஒட்டாது.

நீராவி வேறு வழியில் வரும். காற்று இழுக்கும் விசிறியின் குழாய் வெளியே போகாமல் கூரையடியோடு நின்றுவிட்டால், நீராவி அங்கே உறைபனியாகப் படியும். வெயில் வந்ததும் உருகிச் சொட்டும். வீட்டுக்காரர் கூரையில் ஏறி இல்லாத ஓட்டையைத் தேடுவார்.

குளியல் தொட்டிக்கு வெளியேயுள்ள தரையில் பெரும்பாலும் வடிகாலே கிடையாது. விசிட்டர் விசாவில் வந்த அம்மாமார் வாளியும் கோப்பையுமாக அங்கே நின்று குளிப்பதைத் தடுக்க எந்த உறையாலும் முடியாது. ஒரு ஸ்டூலைத் தொட்டிக்குள் வைத்துவிட்டால் பிரச்சினை தீரும். திரைச்சீலையும் தொட்டிக்கு உள்ளே தொங்கவேண்டும்.

ஒழுக்கைத் தேடும்போது உடைப்பது கடைசி. யாரும் குளிக்காத நாளிலும் சொட்டினால் சந்தேகம் முதலில் குழாய்மேல். வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கும்போது சொட்டினால் தரை உறை. தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடும்போது மட்டும் என்றால் வடிகால் பொருத்து. சுவரில் பீச்சும்போது என்றால் சுவர். இன்சூரன்ஸ் பொதுவாகத் திடீரென்று வெடித்த குழாய்க்குப் பணம் தரும். மாதக்கணக்கில் ஊறிய கசிவுக்குப் பெரும்பாலும் தராது.