முப்பது நாள் நாணயம்

பர்மிங்காம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கெட்டுப்போன ஸ்பேர் பார்ட்டைத் திருப்பிக் கொடுத்தால் இந்த ஊரில் மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணி வைத்துவிடுவார்களாமே, வெள்ளைக்காரன் நாணயமே நாணயம் என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் வருவது நிஜம். நாணயம் என்பதில்தான் எனக்கு ஆட்சேபம். சந்தேகம் என்று ஒன்று வந்தால் அதைத் தீர்க்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே இதில் உள்ள ரகசியம். இங்கே அது கடைக்காரர் தலையில் விழுகிறது. அதனால் அவருக்குச் சந்தேகம் அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

நாணயம் பொங்கி வழிகிற ஊருக்கு இத்தனை சட்டம் எதற்கு, சொல்லுங்கள். விற்கிற சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்று 1893-லேயே சரக்கு விற்பனைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதை விலக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தில் ஒரு சந்தும் விட்டுவைத்தார்கள். வியாபாரிகள் அந்தச் சந்திலேயே குடித்தனம் நடத்தினார்கள். பொடி எழுத்தில் ‘தரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்துவிட்டால் தீர்ந்தது. படிக்காமல் வாங்கிப்போனவர் ஒத்துக்கொண்டவர் ஆகிவிடுவார். சாமானிய வாடிக்கையாளரிடம் அந்தப் பொடி எழுத்து செல்லாது என்று சட்டம் போட 1973 வரை ஆயிற்று, முழுசாக எண்பது வருஷம். அதற்குப் பிறகும் ‘பணம் வாபஸ் கிடையாது’ என்று பலகை மாட்டுவது நிற்கவில்லை. சட்டப்படி செல்லாவிட்டால் என்ன, படித்துவிட்டுப் பயந்து திரும்புகிறவர் திரும்பட்டுமே என்ற கணக்கு. அப்படிப் பலகை மாட்டுவதே குற்றம் என்று 1976-இல் தனியாக ஓர் ஆணை பிறப்பித்தார்கள். நம் ஊர்ச் சுவர்களில் தொங்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ பலகையின் ஒன்றுவிட்ட அண்ணன்தான் அது. இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டம். நீங்கள் மெச்சுகிற நாணயத்துக்கு அன்றாடம் சாவி கொடுப்பது இதுதான்.

அந்தச் சாவி எப்படித் திரும்புகிறது என்பதற்கு, உங்கள் புல்லட்டுக்கு நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டையே எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டி. சூடு தணிவதற்காக முதுகில் வரிவரியாகத் தகடுகள். உள்ளே கறுப்புப் பிசின் ஊற்றி இறுக அடைத்திருப்பார்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிற கரண்டை நேர் மின்சாரமாக்கி, அளவு மீறாமல் பேட்டரிக்கு அனுப்புவது அதன் வேலை. ஒழுங்காக இருந்தால், எஞ்சினை முறுக்கி வைத்துப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரைப் பிடிக்கும்போது பதினாலு வோல்ட்டை ஒட்டி நிற்கும். பதினைந்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பேட்டரி கொதிக்கும், பல்பு போகும். பன்னிரண்டரையிலேயே கிடந்தால் சார்ஜ் ஏறவில்லை. பெட்டியைத் திறந்து ‘இதோ பார், இந்த இடம் கருகியிருக்கிறது’ என்று காட்ட வழியில்லை. பிசினை உடைத்தால் சாமானும் போயிற்று, சாட்சியும் போயிற்று. கடைக்காரருக்குச் சொல்வதற்கு மட்டும் நூறு காரணம் உண்டு: காயில் போயிருக்கும், எர்த் சரியில்லை, ஒயரிங் பழசு, மாட்டியவருக்கு மாட்டத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் நிஜமாகவே நடக்கக்கூடியது என்பதுதான் இதில் சிக்கல்.

இந்த இடத்தில்தான் சட்டம் நுழைகிறது. வாங்கி 30 நாளைக்குள் சரக்கை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் கோளாறு இருக்கிறது என்று வாங்கியவர்தான் காட்டவேண்டும். பணம் வேண்டாம், சரிசெய்து கொடு அல்லது வேறு கொடு என்று கேட்டால் கதை தலைகீழ். ஆறு மாதத்துக்குள் தலைகாட்டுகிற கோளாறு, விற்ற அன்றே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, நல்ல சாமானைத்தான் விற்றேன் என்பவர் அதை நிரூபிக்கவேண்டும். மாற்றிக் கொடுத்த சாமானும் மக்கர் செய்தால் பணத்தைக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் என்றால் ‘இத்தனை நாள் ஓட்டினாயே’ என்று கழித்துக்கொள்ளவும் கூடாது. முழு வண்டிக்கு அந்தக் கழிவு உண்டு, உதிரிப் பாகத்துக்குக் கிடையாது. திருப்பி அனுப்ப ஆகும் நியாயமான தபால் செலவும் கடையுடையது. நிராகரித்தது சரி என்று கடை ஒத்துக்கொண்ட பதினாலு நாளைக்குள் பணம் வந்தாக வேண்டும்.

இப்போது அந்தக் கடை முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். யூனிட் நாற்பது பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரலில் இங்கே 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸாக இருந்தது. இரண்டு பேரை நிறுத்தி ஒரு மணி நேரம் வாடிக்கையாளரோடு வாதாட விட்டால் அந்தக் கணக்கிலேயே ஏறக்குறைய இருபத்து நாலரை பவுண்டு காலி. ஒரு நிபுணரைப் பிடித்து அறிக்கை எழுதி வாங்கினால், அறிக்கையின் விலைக்கு இன்னும் இரண்டு யூனிட் வாங்கலாம். ஆகவே அவர் ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று எழுதிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். அந்த வருத்தம் உண்மையானது. அது யாருக்காக என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

‘கம்பெனிக்கு எழுதிப் போடுங்க சார்’ என்ற மந்திரமும் இங்கே பலிக்காது. காசு வாங்கியவரே பொறுப்பு. அவர் கம்பெனியோடு தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வாரண்டி அட்டை என்பது அதற்கு மேல் ஒரு சலுகை, இதற்குப் பதில் அல்ல. காசு யார் கொடுத்தார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கே இருக்கிறது. 1928-இல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில், டோனஹியூ என்ற அம்மாள் குடித்த இஞ்சி பானப் புட்டியிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாக வழக்கு. புட்டியோ உள்ளே இருப்பது தெரியாத கறுப்பு நிறம். காசு கொடுத்தவர் கூட வந்த தோழி. ஆகவே இந்த அம்மாளுக்கும் கடைக்கும் ஒப்பந்தமே இல்லை. தயாரித்தவர் மேல்தான் போகவேண்டியிருந்தது. 1932-இல் பிரபுக்கள் சபை, தயாரிப்பாளருக்கும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அதற்குப் பின் வழக்கு சமரசத்தில் முடிந்துபோனதால், அந்த நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பதை மட்டும் எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்கவில்லை.

இப்படி அள்ளிக் கொடுத்தால் ஊரை ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பீர்கள். ஏமாற்றுகிறார்கள். பழைய சாமானைப் புதுப் பெட்டியில் போட்டு அனுப்புகிற யோக்கியர்கள் இங்கேயும் உண்டு. ஆனால் சட்டம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அள்ளிக் கொடுக்கவில்லை. நேரில் போய் வாங்கிய நல்ல சாமானை ‘பிடிக்கவில்லை, வேறு மாடலுக்கு வாங்கிவிட்டேன்’ என்று திருப்ப எந்த உரிமையும் கிடையாது. இணையத்தில் வாங்கினால் மட்டும், வந்து சேர்ந்த பதினாலு நாளைக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அதிலும் மாட்டிப் பார்த்து, ஸ்பேனர் தடம் பதித்து அனுப்பினால் மதிப்புக் குறைவைப் பிடித்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் பெரிய கடைகள் பலவும் சட்டம் கேட்காமலேயே, நல்ல சாமானைக்கூட ஒரு மாதம் வரைக்கும் திருப்பலாம் என்று விளம்பரம் செய்கின்றன. ஏமாற்றுகிறவர்களால் கடை திவாலாகும் என்றால் எந்த வியாபாரியாவது அப்படி விளம்பரம் போடுவானா? திருப்பலாம் என்ற தைரியத்தில் வாங்குகிறவர் நூறு பேர், திருப்புகிறவர் சிலர் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிலரின் செலவு மற்ற எல்லோரும் கொடுக்கும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

உங்களுடைய பலமான வாதம் வேறு: இவ்வளவு சட்டம் எதற்கு, சென்னைப் புதுப்பேட்டைக் கடையில் நம் மெக்கானிக் போய் நின்றால் அரை மணியில் மாற்றிக்கொண்டு வந்துவிடுவாரே என்பது. மறுக்க மாட்டேன். வேகத்தில் புதுப்பேட்டையை இந்த ஊர் நெருங்கவே முடியாது. இங்கே கடிதம் எழுதி, படிவம் நிரப்பி, பார்சல் கட்டி, பணம் வந்து சேர்வதற்குள் இந்த நாட்டின் கோடைகாலமே முடிந்துவிடும். வண்டி ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். ஆனால் அங்கே மாறிக் கிடைப்பது எதனால்? அந்த மெக்கானிக் நாளைக்கும் அதே கடைக்கு வருவார், மாதம் முழுக்கச் சாமான் எடுப்பார். கடைக்காரர் காப்பாற்றுவது அந்தக் கணக்கை. வெளியூரிலிருந்து வந்து பெட்ரோல் பங்க்கில் விசாரித்துக்கொண்டு கடைக்கு வரும் கல்லூரிப் பெண்ணுக்கு அதே யூனிட்டை அதே வேகத்தில் மாற்றிக் கொடுப்பார்களா? அவளுக்குப் பலகையைத்தான் காட்டுவார்கள். பழக்கம் உள்ளவருக்குப் பழக்கம் போதும். சட்டம் தேவைப்படுவது யாரையும் தெரியாதவருக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் புல்லட்டின் பூர்வீகமான ரெடிச், பர்மிங்காமுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1955-இல் திருவொற்றியூருக்குப் புறப்பட்ட வம்சம், இங்கே தாய்வீடு மூடிய பிறகும் அங்கே தழைத்து, இப்போது சென்னைப் பக்கத்தில் செய்த வண்டிகளை இந்த ஊர்க்காரர்களுக்கே விற்கிறது. நம் ஊரில் பிறந்த ஒரு போல்ட்டு பர்மிங்காம் கடையில் விலைபோனால் 30 நாள் உரிமை அதோடு ஒட்டிக்கொள்கிறது. சென்னையில் விலைபோனால்? அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது, சித்தப்பா! குறையுள்ள சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளைக்குள் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மாவட்ட ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்குக் கட்டணமே இல்லை. வித்தியாசம் அடுத்த படியில்தான். சரக்கைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித்தான் குறையைக் கண்டுபிடிக்க முடியும் என்றால், அங்கே அதற்கான கட்டணத்தை முதலில் புகார் கொடுத்தவர் கட்டவேண்டும். பிசின் ஊற்றி அடைத்த பெட்டிக்கு இது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ச் சாமானுக்குப் பரிசோதனைக் காசும், அரைநாள் லீவும், பஸ் செலவும் போட்டு யார் போவார்? போகமாட்டார் என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

இங்கே சண்டை முற்றினால் இன்னொரு ஆள் கிடைக்கிறார். நூறு பவுண்டுக்கு மேல், முப்பதாயிரம் வரை விலையுள்ள சரக்கைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கடையோடு சேர்த்துக் கார்டு கொடுத்த வங்கியும் பொறுப்பு. கடைக்காரர் போனை எடுக்காவிட்டால் வங்கியைக் கேட்கலாம். கடையையே மூடிவிட்டு ஓடியிருந்தாலும் கேட்கலாம். வங்கி என்ன தர்மசத்திரமா? பணம் போகும் வழியில் நடுவில் உட்கார்ந்து வட்டி தின்கிறவனே, நஷ்டத்திலும் பங்கெடு என்று சட்டம் கழுத்தில் கட்டிவிட்டது. நாற்பது பவுண்டு யூனிட்டுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு யாராவது உங்களிடம் சொல்லி என் மானம் போகும்.

அடுத்த யூனிட்டை வாங்கும்போது தேதி போட்ட பில் கேளுங்கள். மாட்டியதும் மெக்கானிக் மீட்டரைப் பிடிக்கும்போது, எண்ணும் பேட்டரியும் சேர்ந்து தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் கடையில் சத்தம் போடாமல் எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போடலாம். பில் போட்டால் விலை ஏறும் என்பார் கடைக்காரர். கேட்டும் பில் தராததும் அதே 2019 சட்டத்தில் முறையற்ற வணிகம்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அந்தச் சிரிப்பு மிக முக்கியம். இந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பதிலாக நாலு ‘வருந்துகிறேன்’ போடுவார்கள். சித்திக்கு என் நமஸ்காரம். மாவடு அனுப்பினால், பேட்டரி ஆசிட் என்று யாரும் சந்தேகப்படாதபடி பார்சலில் ‘மாவடு’ என்று பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்