டம்ளருக்கும் கழிவறைக்கும் நடுவே: காலைக் காபியில் பாலின் பங்கு குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் அன்றாடம் நடக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு அறிஞர் உலகம் உரிய மரியாதை தரவில்லை. வீட்டுப் பெரியவர் எழுகிறார், காபி குடிக்கிறார், பேப்பரை மடித்து அக்குளில் செருகிக்கொண்டு பின்கட்டுக்கு நடக்கிறார். காபி தாமதமானால் நடையும் தாமதம். பால் பாக்கெட் வரவில்லை என்றால் அன்று மதியம்வரை அவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. இந்த நடைக்குக் காரணம் எது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. டிகாக்‌ஷன் என்பது பழைய கட்சி; பால் என்பது புதிய கட்சி. லாக்டோஸ் என்ற சொல் வாட்ஸாப்பில் புழங்கத் தொடங்கியதிலிருந்து புதிய கட்சிக்கு ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. நியாயம் பழைய கட்சியின் பக்கமே என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்க்கட்சி வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதுதான் நம் உரையாசிரியர்கள் காட்டிய வழி. பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு லாக்டோஸ் என்ற சர்க்கரை. அதை உடைக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பால்குடி மறந்து வளர்ந்தபின் உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்த நொதி குறைந்துவிடுகிறது. அதைக் குறையவிடாமல் காக்கும் மரபணு மாற்றமொன்றை 2002-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் தாராளமாகவும், தெற்கே வரவர அரிதாகவும் இருக்கிறது. ஆகவே ஒரு செம்புப் பாலை மடமடவென்று இறக்கிவிட்டு வயலுக்குப் போகும் பஞ்சாப்காரருக்கு இல்லாத தொல்லை தஞ்சாவூர்க்காரருக்கு வர இடமுண்டு. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் கிளப்புகின்றன. வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, பிறகு அவசரம். இதில் ஒரு வரியும் பொய்யில்லை. இவ்வளவும் படித்த ஒருவர் தம் காலை நடைக்குப் பாலைக் காரணம் சொன்னால் அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆனால் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாயில் விட்டது பெருங்குடலின் வாசலை எட்ட ஒன்றிரண்டு மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. லாக்டோஸ் செரியாமையைக் கண்டறிய, லாக்டோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று இரண்டு மூன்று மணி நேரம் உட்காரவைத்து ஊதச் சொல்வது இதனால்தான். நம் பெரியவரோ டம்ளரை டபராவில் கவிழ்த்த ஐந்தாவது நிமிடம் எழுந்துவிடுகிறார். அந்நேரம் அவர் குடித்த பாலில் பெரும்பங்கு இரைப்பையை விட்டே கிளம்பியிருக்காது. சம்பவ இடத்துக்கு வந்துசேராத ஆள்மேல் எந்தக் கோர்ட்டிலும் கேஸ் நிற்காது.

‘டிகாக்‌ஷன் மட்டும் பறந்தா போயிற்று?’ என்று வினவுவாரும் உளர். நல்ல வினா. அது போகவில்லை, ஆள் அனுப்புகிறது. இரைப்பையில் எது விழுந்தாலும் பெருங்குடல் ஓரளவு அசைந்துகொடுக்கும். காபி அதற்கு மேல் கேஸ்ட்ரின், கோலிசிஸ்டோகைனின் முதலிய ஹார்மோன்களையும் கிளப்பிவிடுகிறது. 1990-இல் ‘கட்’ என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில், காபி தங்களைக் கிளப்புவதாக 99 இளைஞர்களில் 29 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள் சிலரின் குடலில் அழுத்தமானியைச் செலுத்திப் பார்த்தபோது, காபி குடித்த நான்கு நிமிடத்துக்குள் கடைக்குடல் சுறுசுறுப்பாகி, அந்தச் சுறுசுறுப்பு அரை மணி நேரமாவது நீடித்தது. கொடுக்கப்பட்டது பாலோ சர்க்கரையோ இல்லாத கடுங்காபி. கஃபீன் நீக்கிய காபியும் அவர்களிடம் வேலை செய்தது. வெறும் சுடுதண்ணீர் யாரிடமும் செய்யவில்லை. 1998-இல் அயோவா பல்கலைக்கழகத்தினர் கண்டது: கஃபீன் உள்ள காபி குடலைத் தூண்டுவதில் தண்ணீரைவிட 60 சதவீதமும், கஃபீன் நீக்கியதைவிட 23 சதவீதமும் வலியது, ஆயிரம் கலோரிச் சாப்பாட்டுக்குச் சமானம். அதாவது ஒரு கல்யாணச் சாப்பாடு செய்யும் வேலையைப் பசுமாட்டின் உதவியே இல்லாமல் காபி செய்துவிடுகிறது.

சுடுதண்ணீர்க் கட்சி என்று ஓர் உட்பிரிவும் உண்டு. எழுந்தவுடன் ஒரு சொம்பு சுடுதண்ணீர், அதன்பின் காபி, அதன்பின் நடை என்பது அவர்கள் ஒழுக்கம். பலனைத் தண்ணீரின் கணக்கில் எழுதுகிறார்கள். நடுவில் வந்த காபியை அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. ‘பால் இல்லாத காபியை ஒருநாள் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்பார் வாதமும் பொருந்தாது. இவர்கள் கடுங்காபி குடிப்பது பெரும்பாலும் வெளியூரில், அடுத்தவர் வீட்டில். வாசலில் ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று யாராவது நிற்கும்போது. அங்கே மாறியது பால் மட்டுமா? வயிற்றை நிறைப்பதால் பாலும் குடலை அசைக்கலாமே என்றால், அசைக்கலாம். ஆனால் வீடுதோறும் பிள்ளைகள் காலையில் முழு டம்ளர் பால்தான் குடிக்கின்றன; குடித்தபின்பும் ‘போ, போய்ட்டு வா, வேன் வந்துடும்’ என்று விரட்ட ஓர் அம்மா தேவைப்படுகிறார்.

சிக்கரியின் உரிமைக் கோரிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காபியோடு கலந்து விற்கும் பொடியில் சிக்கரி 49 சதவீதம்வரை இருக்கச் சட்டம் இடம் தருகிறது. சில கடைகளில் அந்த இடம் வீணாவதில்லை. சிக்கரிக் கிழங்கில் உள்ள இன்யூலின், பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. ஆனால் அதுவும் பாலைப் போலப் பெருங்குடல்வரை நடந்தே போயாக வேண்டிய சரக்கு. ஐந்தாவது நிமிடத்துக்கு அதுவும் உரிமை கொண்டாட முடியாது.

அப்படியானால் பால் முற்றிலும் நிரபராதியா என்றால், காலை ஆறு மணிக் கேஸில் நிரபராதி. எட்டு மணிக் கேஸ் வேறு. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது வயிற்றுக்குள் எழும் உருளல் பாலின் கைவரிசையாக இருக்கலாம். அந்தப் பழி வழக்கமாகத் தேங்காய்ச் சட்னியின் தலையில் விழுகிறது. இதிலும் அளவு பார்க்க வேண்டும். நூறு மில்லி பால் ஊற்றிய காபியில் லாக்டோஸ் ஐந்து கிராம் தேறும். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே தடவையில் பன்னிரண்டு கிராம்வரை பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள். ஆகவே ஒற்றைக் காபிக்காரர் பஸ்ஸிலும் நிம்மதியாகத் தொங்கலாம். அரை லிட்டர் பாலைக் காலையிலேயே தீர்ப்பவர்தான் உட்கார இடம் தேட வேண்டியவர். அதே பாலை உறை ஊற்றித் தயிராக்கினால் லாக்டோஸில் ஒரு பங்கை பாக்டீரியா தின்றுவிடுகிறது; மிச்சத்தை உடைக்கும் நொதியையும் அதுவே கொண்டுவருகிறது. பாலுக்கு முனகும் வயிறு பகல் மோர்ச்சோற்றுக்கு அடங்கிக் கிடப்பது அதனால்தான்.

எஞ்சுவது ஒரே ஆட்சேபம். காபி குடிப்பதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுகிறவர்களை இந்தக் கோட்பாடு எப்படி விளக்கும்? விளக்க வேண்டிய அவசியமில்லை. இரவெல்லாம் தூங்கிய பெருங்குடல், ஆள் கண்விழித்ததும் தானும் விழித்து வேலையைத் தொடங்குகிறது. அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. அதன்பிறகும் அவர்கள் எதற்காகக் காபி கேட்கிறார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. ருசிக்காக இருக்கலாம்.