‘பெட்டி போயிருச்சுங்க’: கொங்கு நாட்டில் ஈசிஎம் சாகும் விதம் பற்றி ஓர் ஆய்வு

பிக்கப் வண்டியில் எது கெட்டாலும் அதற்கென்று ஒரு வினைச்சொல் கொங்குத் தமிழில் உண்டு. பேரிங் தேயும், ஸ்பிரிங் பட்டை ஒடியும், ஃபேன் பெல்ட் அறும், ரேடியேட்டர் ஒழுகும், கியர் விழாது. இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு டீசல் என்று கணக்குப் பார்க்கும் ஈசிஎம் பெட்டி மட்டும் தேய்வதும் இல்லை, ஒடிவதும் இல்லை. அது ‘போயிருச்சுங்க’. உயிருக்கும் கரண்டுக்கும் மானத்துக்கும் உரிய வினை. பல்பும் பியூஸும்கூடப் போகத்தானே செய்கின்றன என்று இலக்கணம் படித்தவர்கள் இடைமறிக்கலாம். போகின்றன, ஆனால் பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அறுந்த இழை தெரியும், பியூஸில் கருகிய கம்பி தெரியும். அங்கே ‘போயிருச்சு’ என்பது கண்ட பிறகு சொல்வது. ஈசிஎம்முக்கோ எதையும் காணாமலே சொல்வது. இக்கட்டுரையின் கருதுகோள் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது: கோவை வட்டாரத்துப் பட்டறையில் ஒரு ஈசிஎம் மாற்றப்படுவதற்குப் போதிய காரணம், அதைத் திறந்து பார்க்க முடியாது என்பதே. கெட்டிருப்பது கூடுதல் தகுதி, கட்டாயமில்லை.

இதன் கனம் விளங்க, கழற்றிப் பார்ப்பது இந்த மண்ணில் எத்தகைய வழிபாடு என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். கோவையின் தொழில் வரலாற்றுக்கு இதுவே காப்புச் செய்யுள். பம்ப்செட், மோட்டார், புவிசார் குறியீடே பெற்ற வெட் கிரைண்டர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பழைய டீசல் இன்ஜினும் இந்த வழக்கத்துக்கு அடங்கியே இருந்தது. எரிபொருள் அளவைத் தீர்மானித்தவை பம்ப்புக்குள் சுழன்ற கவர்னர் குண்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும். பம்ப் கடைக்காரர் அதைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டி, ஸ்குரூவைத் திருகி, கண்ணாடிக் குழாய்களில் விழும் டீசலைக் கண்ணால் பார்த்தார். மாசு விதிகள் இறுக இறுக அந்த அதிகாரம் பெட்டிக்குப் போனது. பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 6 2020 ஏப்ரலிலும் வந்த பிறகு, குட்டியானையானாலும் பொலீரோ பிக்கப்பானாலும் தோஸ்த்தானாலும் பெட்டி தலையாட்டாமல் இன்ஜின் உறுமாது. பெட்டியோ அலுமினிய ஓடு, பசை வைத்து அடைத்த மூடி, உள்ளே ஒரு பச்சைப் பலகை. நெம்பித் திறந்தாலும் சுழல்வது ஏதுமில்லை. லேத்தில் பிடிக்க ஒரு விளிம்பு இல்லை. தேய்மானத்தை நகத்தால் தடவியே சொல்லிவிடும் ஒரு நாகரிகம், தடவ ஒன்றுமில்லாத பொருளின் முன்னால் நிற்கிறது. அத்தகைய பொருளை ஒன்று கும்பிட வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். (ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைப்பதால் இரண்டும் நடப்பதாகவே கொள்ளலாம்.)

சான்றுக்கு வருவோம். ஈசிஎம் தன் சென்சார்கள் பலவற்றுக்கும் 5 வோல்ட் மின்சாரத்தைத் தானே அளக்கிறது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் போவது போல. ஏதாவது ஒரு சென்சாருக்குப் போகும் வயர் பிராக்கெட்டில் உரசித் தோலுரிந்து பாடியைத் தொட்டுவிட்டால் அந்த 5 வோல்ட்டே சரிந்து, அதே வரிசையில் உள்ள சென்சார்கள் எல்லாம் கூடி ஒப்பாரி வைக்கும். ஸ்கேனரில் ஏழெட்டுக் கோடு வரும். ஏழு சென்சார் ஒரே நாளில் கெடாது. ஆகவே ஏழுக்கும் பொதுவான பெட்டிதான் கெட்டது என்று பட்டறை தீர்ப்பளிக்கும். தர்க்க நூல்படி இதில் குற்றம் காண முடியாது, ஏழுக்கும் பொதுவாக ஒரு வயரும் இருக்கிறது என்பதைத் தவிர. எர்த் விஷயமும் இப்படியே. பொள்ளாச்சித் தேங்காயும் பல்லடத்துக் கோழியும் ஏற்றும் வண்டியில் ஈரமும் எச்சமும் சேர்ந்து எர்த் போல்ட்டைத் துருவேற்றும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டிக்கு வர வேண்டிய மின்சாரம் வழியிலேயே மெலிந்துபோகும். பேட்டரியின் நெகட்டிவுக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துச் சாவியைத் திருகினால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் இடத்தில் திருடன் அகப்படுவான். ஆனால் மீட்டர் காட்டுவது ஓர் எண். எண்ணைக் கண்டுபிடித்ததற்கு யாரும் பில் போட்டுப் பழக்கமில்லை.

பெட்டியை மாற்றியதும் வண்டி ஓடுகிறதே என்பது வலுவான மறுப்பு. ஓடுகிறது. கூடவே வேறென்ன மாறியது என்று கணக்கெடுப்போம். முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுகிறார்கள். திரும்ப மாட்டும்போது பூத்திருந்த வெள்ளைப் பொடியை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குகிறார்கள். பெட்டியின் சாக்கெட்டைப் பிடுங்கும்போது பின்களில் ஏறியிருந்த பச்சைக் களிம்பு உரசலிலேயே கொஞ்சம் உதிர்கிறது. வயர்க்கட்டு நகர்ந்து, உரசிய வயர் உரசாத இடத்துக்குப் போகிறது. எர்த் போல்ட் இறுகுகிறது. இவற்றோடு சேர்த்து ஒரு புதுப் பெட்டியும் மாட்டப்படுகிறது. குணமானது மருந்தாலா பத்தியத்தாலா என்ற பழைய கேள்விதான். விடை காண்பது எளிது: பழைய பெட்டியைக் கழற்றி, ஐந்து நிமிடம் பெஞ்சில் வைத்திருந்து, அதையே திரும்ப மாட்டிப் பார்ப்பது. இந்தச் சோதனை பரவாததற்கு அறியாமையைக் காரணம் சொன்னால் அது பட்டறைக்காரரின் அறிவுக்கு அவமதிப்பு. ‘அதையே கழட்டி அதையே மாட்டிருக்கறனுங்க’ என்று சொல்லி எப்படிக் காசு வாங்குவது? வண்டிக்காரருக்கும் மனசு ஆறாது. மூன்று நாள் வாடகை போனதற்கு ஈடாக ஏதாவது ஒரு சாமான் மாறியிருக்க வேண்டும். விலை கூடினால் ஆறுதலும் கூடும்.

ஸ்கேனர் பொய் சொல்லுமா என்பார்கள். பி0606 என்று வந்தால் பெட்டிக்குள் இருக்கும் பிராசஸரில் பழுது என்று பொருள். அதைச் சொன்னது யார்? அதே பெட்டி. ‘நான் செத்துட்டேன்’ என்று ஒருவர் தம் வாயாலேயே சொன்னால் அதை மரண வாக்குமூலமாக எடுப்பதா, மயக்கத்தில் உளறியதாக எடுப்பதா? பேட்டரி தாழ்ந்து மின்சாரம் தள்ளாடினாலும் இதே கோடு வரலாம். யு0100 வேறு வகை. பெட்டி பேச மாட்டேன் என்கிறது என்று வண்டியின் மற்றப் பெட்டிகள் தரும் புகார், அக்கம்பக்கத்தார் சாட்சி. கதவு திறக்கவில்லை என்பதுவரைதான் அவர்களுக்குத் தெரியும். உள்ளே ஆள் இறந்தாரா, கரண்ட் இல்லாமல் காலிங் பெல் அடிக்கவில்லையா என்பது தெரியாது.

பெட்டிகள் மெய்யாகவே சாவதும் உண்டு, அதுவும் கொங்கு முத்திரையோடு. புது வண்டி வாங்கிய கையோடு கூண்டு கட்டவும் தார்ப்பாய் வளைவு வைக்கவும் வெல்டிங் பட்டறைக்குப் போகிறது. பேட்டரியைக் கழற்றி, பெட்டியின் சாக்கெட்டையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்; எர்த் கிளாம்ப்பும் பக்கத்திலேயே கவ்வியிருக்க வேண்டும். கிளாம்ப் முன் பம்பரிலும் தீப்பொறி பின் கதவிலும் இருந்தால், நடுவில் பாயும் மின்சாரம் குறுக்குவழி தேடிப் பெட்டிக்குள் நுழையப் பார்க்கும். இன்னொரு வழி, பேட்டரி இறங்கிய பிக்கப்புக்கு லாரிக்காரர் மனமிரங்கிக் கரண்ட் கொடுப்பது. லாரிக்கு இரண்டு பேட்டரி, சேர்ந்து 24 வோல்ட். ஒன்றில் மட்டும் எடுத்தால் 12. இரண்டிலும் எடுத்தால் இரங்கற்பா. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று லாரிகள் சூழ்ந்த நாட்டில் இந்த உதவும் குணத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் இப்படி மாண்ட பெட்டியை நெம்பினால் பெரும்பாலும் கருகல் வாடை அடிக்கும். கண்ணும் மூக்கும் சாட்சி சொல்வதால் இந்தச் சாவுகள் நம் கருதுகோளுக்கு வெளியே நிற்பவை.

இன்ஜின் பெட்டிகளில் உலகப் பெயர் பெற்ற பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் மையம் சரவணம்பட்டிப் பக்கம் இருக்க, டேஷ்போர்டு மீட்டர்களைப் பிரிக்கால் 1975 முதல் இங்கேயே செய்ய, இந்த ஊருக்கா பெட்டி புரியாது என்று கோவைப் பற்றாளர்கள் கொதிக்கலாம். ஊருக்குப் புரியும். கணபதிப் பட்டறைக்கும் சரவணம்பட்டிக்கும் ஒரே சத்தி ரோடுதான். அதில் டிராஃபிக் இரு பக்கமும் போகிறது, மென்பொருளின் மூலவரிகள் எந்தப் பக்கமும் போவதில்லை.

எஞ்சியிருப்பது புதுப் பெட்டியின் கதை. மாட்டியவுடன் அது வேலை செய்யாது. சாவிக்குள் இருக்கும் சிப் அதற்குத் தெரியாது, சேஸி நம்பர் தெரியாது, இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்த திருத்தக் குறிகள் தெரியாது. எல்லாவற்றையும் லேப்டாப் வைத்து ஏற்ற வேண்டும். அல்லது உக்கடத்தில் வாங்கிய செகண்ட்ஸ் பெட்டிக்குள், பழைய பெட்டியின் நினைவகத்தைப் படித்து எழுத வேண்டும். குளோனிங் என்கிறார்கள். தமிழில் இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை: கூடு விட்டுக் கூடு பாய்தல். திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்தபோது மாடுகள் சமாதானமாகிவிட்டன, மனைவிதான் ஊராரிடம் முறையிட்டாள். வண்டிச் சாவி அந்த அம்மாளின் இனம். அது கிடக்கட்டும். போய்விட்டதாக அறிவிக்கப்பட்ட பெட்டி, தன் நினைவு முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டுப் படுப்பது ஆய்வாளனை உறுத்துகிறது. நினைவகச் சிப் வேறு, பிராசஸர் வேறு என்பார்கள், சரி. ஆனால் தன் தீர்ப்பில் பட்டறைக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதற்கு இன்னொரு தடயம் உண்டு. பழைய பெட்டியை யாரும் எறிவதில்லை. திருமூலர் திரும்பி வந்து பார்த்தபோது விட்டுப்போன உடலைக் காணோம். இங்கே அது ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் சுற்றி, ஸ்பேனர் ஸ்டாண்டுக்கு மேலே பத்திரமாக இருக்கும். அடுத்த மாதம் அதே மாடல் பிக்கப் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் கட்டி இழுத்து வரப்படும். அதன் பெட்டி நல்லதா கெட்டதா என்ற ஐயம் எழும். ‘நம்மகிட்ட ஒரு நல்ல பெட்டி இருக்குதுங்க, மாட்டிப் பாத்தரலாம்’ என்று சொல்லிக்கொண்டே மேலே கை போகும்.