பிள்ளையாரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தலாமா?

அனுப்புநர்:
தங்கள் போட்டியின் நடுவர்களில் ஒருவன்,
ராஸ்தா பேட், புனே.

பெறுநர்:
வீட்டு கணபதி அலங்காரப் போட்டி நடத்தும் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்கள்.

பொருள்: அடுத்த ஆண்டு முதல் லைட்மேனையே நடுவராக நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வீடு வீடாகப் போய் மோதகம் தின்று முகபாவம் வழங்கித் திரும்பியவன் எழுதுகிறேன். முதல் வீட்டிலேயே என்னை வாய் பிளக்க வைத்துப் பல கோணங்களில் எடுத்துக்கொண்டீர்கள். பிறகு பார்த்த வீடுகளுக்கெல்லாம் அதே வாய் ஒளிபரப்பானது. சிக்கனத்தைப் பாராட்டுகிறேன்.

மதிப்பெண் தாளுக்கு வருகிறேன். சுற்றுச்சூழலுக்கு 10. சிலை ஷாடு என்னும் களிமண்ணா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்று பார்த்துப் போட வேண்டும். கடையில் என்றால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம். மண் கனக்கும்; பிளாஸ்டர் உள்ளே கூடாக, லேசாக இருக்கும். ஆனால் வீட்டில் பிராணப் பிரதிஷ்டை ஆன சிலையை விசர்ஜன பூஜை வரை அசைக்கக் கூடாது. எனவே வண்ணம் பூசிய சிலையைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே அது என்ன மண் என்று கண்டுபிடிக்கும் ஞானதிருஷ்டியை என்னிடம் எதிர்பார்த்தீர்கள். கோத்ரூட் வீடு ஒன்றில் வீட்டுக்காரர் “சுத்தமான ஷாடு மண்” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, அவர் பையன் மாநகராட்சி இலவசமாகத் தரும் அமோனியம் பைகார்பனேட் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினான். “காகா, பக்கெட் தண்ணியில இதைப் போட்டுத்தான் பாபா கரைப்பார்.” பிளாஸ்டர் சிலையை வீட்டிலேயே கரைக்க இதே ஊரின் தேசிய வேதியியல் ஆய்வகம் சொல்லிக்கொடுத்த வழி அது. மண் சிலைக்கு வெறும் தண்ணீர் போதும். நான் 2 போட்டேன். ஒளிபரப்பில் பையனும் இல்லை, பொட்டலமும் இல்லை, என் 2ம் இல்லை. 10 இருந்தது.

அதே வீட்டில்தான் உங்கள் இயக்குநர், “பிள்ளையாரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தலாமா? ஸ்பான்சர் போர்டு ஃபிரேமில் வரவில்லை” என்று கேட்டார். அசைக்கவே கூடாது என்று வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே சோபா, ஃபிரிஜ், டிவி ஸ்டாண்டு, ஆஜி ஆகிய நான்கும் நகர்த்தப்பட்டன. பஞ்சைத் திரித்து, இடையிடையே குங்குமம் தொட்டு, பிள்ளையாருக்கு மாலை கட்டியது அந்த ஆஜிதான். அவரைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு, சத்தம் வரும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, சமர்த்த ராமதாசர் இயற்றிய ஆரத்திப் பாட்டை மருமகளை மூன்று முறை பாடவைத்தீர்கள். மூன்று டேக்குக்கும் புதிதாகக் கற்பூரம் ஏற்றப்பட்டது. ‘குடும்பப் பங்கேற்பு’ என்ற கட்டத்தில் நான் யாருக்கு மதிப்பெண் போடுவது?

‘படைப்புத்திறன்’ கட்டம் இன்னும் சுவாரசியம். 2018இல் மகாராஷ்டிரம் தெர்மோகோலைத் தடை செய்தது. கணபதி பண்டிகைக்காவது விலக்கு வேண்டும் என்று போனவர்களைப் பம்பாய் உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. தெர்மோகோல் போன இடத்தில் ஃபோம் ஷீட் வந்து உட்கார்ந்துகொண்டது. கடையில் பெட்டியோடு கிடைக்கும் மடக்கு மகர், அதாவது சிலையைச் சுற்றி நிறுத்தும் மண்டபம், ஒரே அச்சில் வார்த்ததை இரண்டு வீடுகளில் பார்த்தேன். தாழைக் கூரையும் டியூப்லைட்டும் இருந்த வீட்டுக்கு ‘சாதாரணம்’ என்றீர்கள். உங்கள் லைட்மேன் அரை மணி நேரம் பாடுபட்ட வீட்டுக்கு ‘தெய்வீகம்’ என்றீர்கள். பரிசு அவருக்கல்லவா போயிருக்க வேண்டும்?

செட் போடுவது பாவம் என்று சொல்லவரவில்லை. இது செட்டுக்குப் பேர்போன ஊர். 2018இல் தக்டுசேட் ஹல்வாயி கணபதிக்கு நம் தஞ்சைப் பெரிய கோயிலையே எழுப்பினார்கள். தஞ்சையை ஆண்ட மராட்டியர் பார்த்திருந்தால் பூரித்திருப்பார்கள். அங்கே அது கலைஞர்கள் போட்ட செட் என்று ஊருக்கே தெரியும். பானேரில் ஈவென்ட் கம்பெனிக்காரர் காலையில் இறக்கி மாலையில் ஏற்றிப்போன மண்டபத்துக்குத்தான் ‘இல்லத்தரசியின் கைவண்ணம்’ என்று எழுத்துப் போட்டீர்கள்.

எங்கள் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண், எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, அவ்வளவுதான். உங்கள் தாளில் அவர் தேர்ச்சியே பெறமாட்டார். ஒன்றரை நாள் கணபதி வைக்கும் வீடுகளின் கதியும் அதுதான். உங்கள் யூனிட் மூன்றாம் நாள்தான் கிளம்பியது. “கரைத்தாகிவிட்டதே” என்றவரிடம் உங்கள் உதவி இயக்குநர், “இன்னொன்று வாங்கி வைக்க முடியாதா?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

ஒரு விஷயத்தில் உங்களைப் பாராட்டியாக வேண்டும். உலகத் தரத்தை எட்டிவிட்டீர்கள். அமெரிக்காவின் ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியில் வீடு தேடுவதாக நடித்த பெண் ஒருவர், தான் வாங்கும் வீடு முன்பே முடிவாகிவிட்டது, ‘பிடிக்கவில்லை’ என்று ஒதுக்கிய மற்றவை நண்பர்களின் வீடுகள், விற்பனைக்கே வராதவை என்று 2012இல் போட்டு உடைத்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ‘தி பிளாக்’ கொஞ்சம் பரவாயில்லை. நடுவர்கள் வாராவாரம் மதிப்பெண் போட்டாலும் கடைசியில் வீட்டை ஏலம் விட்டு, லாபத்தை வைத்துத்தான் ஜெயித்தவரைச் சொல்கிறார்கள். பிள்ளையாரை ஏலம் விடச் சொல்லவில்லை. அந்த யோசனையை என் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். நடுவர்கள் போட்ட தாளை அப்படியே திரையில் காட்டுங்கள். முதல் நாளே, கேமரா இல்லாமல், எங்களை வீடுகளுக்கு அனுப்புங்கள். இரண்டும் முடியாதென்றால் போட்டிக்கு ‘ஒளியமைப்புப் போட்டி’ என்று பெயர் வைத்து, லைட்மேனுக்குக் கோப்பையைக் கொடுங்கள். நானே வந்து கை தட்டுகிறேன், அதையும் ஒரே டேக்கில்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் நடுவர்.

நகல்: சென்னையில் கொலுப் போட்டி நடத்தும் தொலைக்காட்சியாருக்கு. நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.